ஒன்பதாவது வளைவு வரை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையில் அன்றாடம் தோட்டத்து ஜீப்பை ஓட்டுகிற டிரைவர், பொள்ளாச்சிப் பட்டறையில் வந்து இறங்கியதும் முதலில் காட்டியது இன்ஜினை அல்ல, தன் வலது தோளை.

"நேராப் போறப்ப ஒண்ணுமே தெரியறதில்லீங்ணா. வளைவுல மெதுவாக்கி ஒடிச்சா, பாதியில ஸ்டீயரிங் கல்லாட்டம் நின்னுக்குது. கூடவே ஒரு உறுமல்."

பழைய மகிந்திரா ஜீப் அது. பிற்பாடு பவர் ஸ்டீயரிங் பொருத்தியிருந்தார்கள். விசிறிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் ஒரு வி பெல்ட், ஸ்டீயரிங் பம்புக்குத் தனியாக இன்னொன்று. இரண்டு மாதத்துக்கு முன் வேறோர் இடத்தில் அவை இரண்டையும் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் சுற்றி வரும் ஆறு வரிப் பட்டை பெல்ட் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். தொல்லை அன்றைக்குத் தொடங்கியது. பம்பையே புதிதாக மாற்றியும் தீரவில்லை.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, பம்பு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குனிந்து பார்த்தார். பெல்ட் பாதையை மாற்றும்போது அதன் முதுகுப்பக்கம் ஒரு புல்லியில் பட்டுவிட்டால் அது எதிர்த்திசையில் சுற்றும். அப்படிச் சுற்றினால் இந்தப் பம்பு எண்ணெயைத் தள்ளாது. இங்கே திசை சரியாகவே இருந்தது. பிறகு எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். சிவப்பாக, தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய் ரோஸ் மில்க் போல நுரைத்துக் கிடந்தது.

"காத்து குடிக்குதுங்க சார்."

ஆனால் எங்கும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்றார். பம்பிலிருந்து எண்ணெய் அழுத்தத்தோடு வெளியேறும் பக்கம் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வரும். தொட்டியிலிருந்து பம்பு உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. புது பெல்ட்டுக்காகப் பம்பின் தாங்கியை நகர்த்தியபோது அந்த ஹோஸ் எட்டாமல் இழுபட்டு, கிளாம்ப் தளர்ந்திருந்தது. நீளமான ஹோஸ் ஒன்றை வெட்டிப் போட்டார். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நிதானமாகத் திருப்பச் சொன்னார். உதவியாளர் திருப்பத் திருப்பத் தொட்டியில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. கால் மணி நேரத்தில் எண்ணெய் தெளிந்தது, உறுமல் நின்றது. கனம் மட்டும் போகவில்லை.

மூடியில் ஓட்டையிட்ட தண்ணீர் பாட்டிலோடு வந்தவர், விசிறிக்கு எட்ட நின்று, ஓடுகிற பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் பீய்ச்சினார். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்தார். கிறீச்சென்ற சத்தம் பட்டறையை நிறைத்தது. தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்கிச் சற்று நேரம் கழித்துத் திரும்பினால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை என்று பொருள். இப்படிக் கூடினால், பெல்ட் வழுக்குகிறது. அப்படியும் அவர் விடவில்லை. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல கிராங்க் புல்லியிலிருந்து பம்புப் புல்லிக்கு நூல் பிடித்துப் பார்த்தார். நேராகவே இருந்தது.

வழுக்கல் ஏன் வளைவில் மட்டும் வருகிறது? நேர்ச்சாலையில் பம்புக்கு வேலையே இல்லை. மெதுவாக, முழுக்க ஒடிக்கும்போது 80 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 7 லிட்டர் எண்ணெயைத் தள்ள வேண்டுமென்றால், அந்தச் சில வினாடிகளுக்கு அது ஒரு குதிரைத்திறனுக்கும் மேல் கேட்கும். வி பெல்ட் பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கிப் பிடித்துக்கொள்வது. பட்டை பெல்ட்டின் வரிகள் சிறியவை. அதற்கு இழுப்பு விடாத ஸ்பிரிங் டென்ஷனர் வேண்டும், புல்லியை நன்றாகச் சுற்றியும் அணைக்க வேண்டும். இந்த ஜீப்பில் டென்ஷனரே கிடையாது. பெல்ட் பம்புப் புல்லியில் கால்வட்டம் அளவுக்கே பட்டிருந்தது. புல்லியும் மாறியிருந்தது. முன்பு 120 மில்லிமீட்டர் விட்டம், இப்போது 160. கிராங்க் புல்லி 140. இன்ஜின் 800 சுற்றில் நின்று ஓடும்போது முன்பு 930 சுற்று ஓடிய பம்பு இப்போது 700தான் ஓடுகிறது.

"அப்ப பழையபடி சின்னப் புல்லி போட்டா முடிஞ்சதுங்களா?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் போட்டா இன்னும் வழுக்குமுங்க. புல்லி சிறுசானா பெல்ட்டு மேல இழுவை கூடும். மொதல்ல சுத்து. அப்புறந்தான் புல்லி."

ஒரு பெல்ட்டை மாற்றியவர்கள் இந்த வரிசையை யோசிக்கவில்லை. பலனை இரண்டு மாதம் ஒரு மனிதனின் தோள் சுமந்திருக்கிறது. பவர் ஸ்டீயரிங்கை உருவாக்கிய ஃபிரான்சிஸ் டேவிஸ் அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். 1926இலேயே அவர் அதை ஓட்டிக் காட்டிவிட்டார். கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வர 1951 ஆனது. கால் நூற்றாண்டுக் காத்திருப்பில் எத்தனை தோள்கள் தேய்ந்திருக்கும் என்று அந்த டிரைவரைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, சின்னப் புல்லி ஒன்றைக் கடைந்து வாங்க உதவியாளரும் நானும் பஸ் ஏறி, கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். இந்த வகைப் பெல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். ஆறு பள்ளங்களில் ஒன்று பிசகினாலும் பெல்ட் ஒரு வரி தள்ளி ஏறி உட்காரும். டர்னர் ஒரு டூலை அதன் கோணத்துக்குத் தீட்டுவதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளமும் முடிந்ததும் பெல்ட் துண்டு ஒன்றை அழுத்திப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நான்காவது பள்ளத்தில் அவருக்குத் திருப்தியில்லை. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பாதி கடைந்த புல்லியை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினார். கூடுதல் காசு கேட்கவுமில்லை.

இப்போது வரும் கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். பம்பும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. இந்தக் கைகளுக்கு இந்த வேலை இன்னும் எத்தனை நாள் வரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலைக்குள் பம்புக்குப் பக்கத்தில் ஓர் ஐட்லர், ஸ்பிரிங் டென்ஷனர், புதுப் புல்லி, சற்று நீளமான பெல்ட் எல்லாம் ஏறின. பெல்ட் இப்போது பம்புப் புல்லியை அரைவட்டத்துக்கு அணைத்திருந்தது. பட்டறை வாசலில் திருப்பிப் பார்த்ததோடு விட்டுவிடப் பொள்ளாச்சிப் பட்டறைக்காரர் சம்மதிக்கவில்லை. மறுநாள் விடியலில் டிரைவர், அவர், நான் மூவருமாக ஆழியாறு தாண்டி ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் சாலையைப் பார்க்கவில்லை. டிரைவரின் தோளைப் பார்த்தார்.

ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தச் சொன்னார். கீழே ஆழியாறு அணை விரிந்து கிடந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கி, பம்புப் புல்லிக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். வழுக்கியிருந்தால் அது கொதித்திருக்கும். விரலால் தொட்டார், எடுக்கவில்லை.

"எப்படி இருக்குதுங்க தம்பி?"

டிரைவர் பதில் சொல்லாமல் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை சுழற்றிக் காட்டினார்.

"செரி, ஏறுங்க. இன்னும் 31 இருக்குது."