முற்றத்து அழகு அடுக்களைக்கு வந்த கதை

'மொராக்கோ பாணிச் சமையலறை' என்ற பேச்சு இப்போது பட்டணத்து வீடுகளில் அடிபடுகிறது. நீலமும் பச்சையுமாய் நட்சத்திர ஓடு பதித்த சுவர், துளை போட்ட பித்தளை விளக்கு, கூம்புக் குல்லாய் மாட்டிக்கொண்ட ஒரு மண் பாத்திரம்! படத்தைப் பார்த்ததுமே, 'நம் வீட்டிலும் இப்படி இருந்தால்!' என்று மனம் தாவுகிறதல்லவா? தாவட்டும், தவறில்லை. ஆனால் கடைக்குக் கிளம்புமுன் மொராக்கோவுக்கே ஒரு நடை போய், அந்த ஊர் அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். செலவு ஒன்றும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது மொராக்கோ. அங்கே ஃபெஸ் என்று ஒரு பழம்பெரும் நகரம். ஆயிரத்து இருநூறு ஆண்டு வயதாகிறது அதற்கு. யுனெஸ்கோ 1981-ல் அதை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. பழைய நகரத்துச் சந்துகளில் கார் நுழைய முடியாது. மூட்டை முடிச்சுகள் எல்லாம் கழுதை மேலும் கோவேறு கழுதை மேலும்தான் போகின்றன. "பாலக்! பாலக்!" என்று பின்னால் குரல் கேட்டால் உடனே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளுங்கள். 'வழி விடு' என்று அர்த்தம்!

சந்தின் இருபுறமும் பாருங்கள். மொட்டைச் சுவர்கள். 'இதையா அழகு என்றார்கள்?' என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். கதவைத் திறந்து, ஒரு வளைந்த நடையைத் தாண்டி உள்ளே காலை வைத்தால், அடேயப்பா! நடுவே திறந்த முற்றம். அதில் நீர் ஊற்று. சுற்றிலும் ஆளுயரத்துக்கு வர்ண ஓடுகள். அதற்கு மேலே சரிகை வேலைப்பாடு போல் செதுக்கிய வெள்ளைச் சாந்து. அதற்கும் மேலே தேவதாரு மரத்தில் சித்திர விதானம். தெருவுக்குக் காட்டாத அழகையெல்லாம் வீட்டுக்குள்ளே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சரி, அடுக்களை எங்கே? அதைத் தேடத்தான் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். வெள்ளையடித்த சுவர், புகை படிந்த கூரை, தரையில் நம் கும்மட்டி அடுப்பு மாதிரி இரண்டு மூன்று கரி அடுப்புகள். நட்சத்திர ஓடும் இல்லை, சித்திர விதானமும் இல்லை. விருந்தாளி உட்காரும் இடத்துக்கு ஆயிரம் அலங்காரம். விருந்து தயாராகும் இடத்துக்கு வெறும் சுண்ணாம்பு! கொல்லைப் பக்கத்துப் புகையில் பாதி ஆயுளைக் கழித்த நம் பாட்டிமார்களை நினைத்துக்கொண்டால், இந்த நியாயம் நமக்கும் புதிதல்ல என்று தெரியும்.

அந்தச் சுண்ணாம்பு அறையில் அழகு இல்லாமல் இல்லை. அது சுவரில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. தஜீன் என்ற அந்தக் குல்லாய்ப் பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கரி அடுப்பின் மிதமான சூட்டில் கறியோ காய்கறியோ வேகும்போது ஆவி மேலே எழும்பி, கூம்பின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து, நீராகி மறுபடி குழம்பிலேயே இறங்கிவிடுகிறது. தண்ணீரும் கொஞ்சம் போதும், கரியும் கொஞ்சம் போதும். எதையும் வீணாக்காத கெட்டிக்காரத்தனம் இது. ரொட்டிக்கு மாவு பிசைவது வீட்டில்; சுடுவது தெருப் பொது அடுப்பில். பலகையில் மாவு வட்டங்களை அடுக்கித் துணியால் மூடிக் குழந்தைகளிடம் கொடுத்து அனுப்புவது வெகு காலப் பழக்கம். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அடுப்புக்காரர் அடையாளம் வைத்துச் சொல்லிவிடுவார்!

இனி அந்த வர்ண ஓட்டைப் பார்ப்போம். அதன் பெயர் ஸெல்லீஜ். களிமண்ணைப் பிசைந்து, ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, வெயிலில் காயவைத்துச் சுட்டு, மெருகு பூசி மறுபடி சுடுகிறார்கள். பிறகு தொழிலாளி தரையில் உட்கார்ந்து, கூரான கனத்த சுத்தியலால் கொத்திக் கொத்தி நட்சத்திரமும் நாற்கோணமும் பூவிதழுமாகச் சில்லு எடுக்கிறார். அடுத்தது அதைவிட அதிசயம். பதிப்பவர் சில்லுகளைத் தலைகீழாக, வர்ணப் பக்கம் தரையைப் பார்க்கும்படி அடுக்குகிறார். கோலத்தின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கோலம் போடுவது போல! எல்லாம் மனக்கணக்குதான். பின்புறம் சாந்து ஊற்றி, இறுகியபின் நிமிர்த்தினால்தான் சித்திரம் தெரியும். ஃபெஸ் நகரில் 1325-ல் கட்டி முடித்த அத்தாரீன் மதரஸாவின் சுவர்களில் இந்த வேலை இன்றும் மின்னுகிறது.

கையால் செய்வதால் ஒரு சில்லு போல் மற்றொன்று இராது. ஒன்றில் நீலம் கொஞ்சம் கூடும், ஒன்றில் குறையும். வெளிச்சம் பட்டால் சுவர் நீர்ப்பரப்பு மாதிரி அசைவது அதனால்தான். அசல் ஸெல்லீஜின் விலை கேட்டு மூர்ச்சை போடுகிறவர்கள் இந்தக் கைவேலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஃபெஸ் போதும், தெற்கே மராகேஷுக்குப் போவோம். அங்கே தடெலாக்ட் என்று ஒரு சுவர்ப் பூச்சு. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்பைப் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவுகிறார்கள். சுண்ணாம்பும் சோப்பும் கலந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகிவிடுவதால் ஈரம் உள்ளே இறங்காது. குளியல் கூடங்களுக்கு ஏற்பட்ட பூச்சு இது. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்புத் தெரியும். அதே மராகேஷில்தான் மஜோரெல் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஜாக் மஜோரெல் உண்டாக்கி, 1947-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. அவர் அங்கே பூசிய பளீர் நீலத்தைத்தான் பலர் 'மொராக்கோ நீலம்' என்று கேட்டு வாங்குகிறார்கள்!

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். இத்தனையும் பார்த்தபின் எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில், ஒரே ஒரு சுவர் போதும். மொராக்கோ முற்றத்திலேயே ஓடு ஆளுயரத்தோடு நின்று, மேலே வெள்ளைதான் என்று பார்த்தோமே! அடுப்புக்கோ தொட்டிக்கோ பின்னால் ஓடு பதித்து, மற்றச் சுவர்களை வெண்மையாக விடுங்கள். மேடைக்குக் கருங்கல்லே நல்லது. ஸெல்லீஜின் ஓரம் உடையும், இடுக்கில் மாவு புகுந்துகொள்ளும்.

இரண்டாவது, தடெலாக்ட் பூச்சுக்குப் புளிப்பு ஆகாது. புளியும் எலுமிச்சையும் சுண்ணாம்பை அரிக்கும். ஆகவே ரசம் கொதிக்கும் பக்கம் வேண்டாம். சாப்பாட்டு மேஜைப் பக்கம் இருக்கட்டும். மரச் சல்லடை ஜன்னலும் அப்படியே. அடுப்பருகே வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, துளை விளக்கு சுவரில் பூக்கோலம் போடும். அழகுதான். ஆனால் காய் நறுக்கும் பலகைக்கு மேலே அது தொங்கினால் விரலும் வெண்டைக்காயும் ஒன்றாகத் தெரியும்! அங்கே நேர் வெளிச்சம் வேண்டும்.

நான்காவது, சித்திரம் தீட்டிய தஜீன் அலமாரிக்கு, சமையலுக்கு அல்ல. அலங்கார மெருகில் ஈயம் இருக்கக்கூடும். சமைக்க என்றே விற்கும், சித்திரமில்லாத தஜீனைக் கேட்டு வாங்குங்கள். காஸ் அடுப்பில் வைக்கும்போது அடியில் ஒரு தகடு போட்டு, சிறு தீயில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஓட்டுக்குப் பணம் ஒதுக்குமுன் புகை போக வழியும், காற்று வர ஜன்னலும், நிற்கிற உயரத்துக்கு ஏற்ற மேடையும் உண்டா என்று பாருங்கள். பழைய ஃபெஸ் வீடுகளின் அடுக்களையில் குறைந்தது ஓடு மட்டுமா? காற்றும் வெளிச்சமுந்தானே!

அந்த முற்றத்து அழகு நூற்றாண்டுகளாக வந்தவர் பார்க்க என்று இருந்தது. இன்று அதைப் பெயர்த்துச் சமையலறைக்குக் கொண்டுவருகிறோம் என்றால், அது வெறும் பாஷன் அல்ல. வேலை செய்கிறவருக்குச் சேரவேண்டிய பாக்கி. எனவே அந்த ஒரு சுவரை, கூடத்திலிருந்து பார்ப்பவருக்கு எங்கே தெரியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பால் பொங்கக் காத்து நிற்கும்போது உங்கள் கண் எங்கே போகிறதோ, அங்கே பதியுங்கள் அந்த நட்சத்திரத்தை!