420க்கு எதிராக ஒன்று

2001 செப்டம்பர் 14. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று நாள்தான். ஜனாதிபதி புஷ்ஷுக்குப் படைபலம் பாவிக்க அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவாக 420 வாக்கு. எதிராக ஒன்றே ஒன்று: பார்பரா லீ. துரோகி என்றார்கள். கொலை மிரட்டல் வந்தது. பொலிஸ் காவலோடுதான் அவ நடமாடினா.

இதைக் கதைக்கேக்க நாங்களே இரண்டாகப் பிரிஞ்சம். கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் செத்த நேரம் புஷ் வேறென்ன செய்யிறது என்று பாதிப்பேர். சரி, பிறகு ஈராக்? சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவேயில்லை என்று மற்றப் பாதி.

2016 இல் புஷ்ஷின் குடியரசுக் கட்சி விவாத மேடையிலேயே ட்ரம்ப் ஈராக் போரைப் பெரும் பிழை என்றார். கூட்டம் கூவியது. ஆனாலும் ஒரு கிழமையில் அதே தென் கரோலினாவில் வென்றது அவர்தான். காலம் கழிச்சுச் சொல்லுறது லேசு. மூன்றாம் நாள் சொல்வதுதான் கஷ்டம்.

'பயங்கரவாதம்' என்ற சொல்லை வைத்து ஒரு அரசு என்னவெல்லாம் செய்யலாம் என்பதை 1979 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பார்த்த சனம் நாங்கள். லீக்குக் கைதட்டுவது எங்களுக்குச் சுகம். ஆனால் எங்கட பக்கத்தில் தனிச்சு நின்று 'இல்லை' என்றவைக்கு நாங்கள் என்ன பேர் வைச்சம்? அதே பேர்தானே.