ஜூன் மாதத்துக் கிறிஸ்துமஸ்

போன டிசம்பரில் எங்கள் அலுவலகத்தில் சீக்ரெட் சாண்டாவுக்காக ஒரு ஃபார்ம் அனுப்பினார்கள். பெயர், டீம், சட்டை அளவு. நான்காவது கேள்வி, உங்களுக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் வழக்கம் எது? பக்கத்து சீட்டு நண்பன் கேரளாக்காரன். ‘அப்பமும் ஸ்டூவும்’ என்று ஒரு நொடியில் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் கர்சர் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மனதில் முதலில் வந்த பதில், ‘பிசிர் வெட்டுறது’.

முதலிபாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சிட்கோ தொழிற்பேட்டையும் அதைச் சுற்றி முளைத்த பனியன் கம்பெனிகளும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும்தான் எங்கள் ஊரின் காலண்டர். ஐரோப்பாவில் கடைக்காரர்கள் அக்டோபரிலேயே கிறிஸ்துமஸ் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பலேறி, கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலில் போக வேண்டும். அதனால் எங்களூரில் கலைமான்களும் பனிமனிதர்களும் மேயில் தைக்கப்பட ஆரம்பித்து, ஜூன், ஜூலையில் உச்சத்துக்குப் போவார்கள். வெளியே அனல் காற்று, உள்ளே பனிப்பொழிவு. டிசம்பரில், உண்மையாகவே குளிரும்போது, ஐரோப்பாவின் கோடைக்காக அரைக்கால் சட்டை தைத்துக்கொண்டிருப்போம். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடி திருப்பூருக்கு வந்தார். அதிலிருந்து எங்கள் பருவங்கள் வேறொருவருடைய பருவங்களுக்கு ஆறு மாதம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் ஆர்டர் எப்போது இறங்கும் என்று அம்மா காத்திருப்பாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ஃபீஸ், நோட்டு, சீருடை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் இருந்தால் சனிக்கிழமை சம்பளக் கவர் கொஞ்சம் தடிமனாக இருக்கும். தெய்வ நம்பிக்கைக்கு வெளியே ஒரு பண்டிகையை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்த குடும்பங்கள் வேறு எங்கும் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஏழாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷிப்மென்ட் அவசரம். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா யூனிட்டுக்கே கூட்டிப் போனாள். செக்கிங் டேபிளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன், சும்மா இருக்க முடியாமல் ஒரு சின்னக் கத்தரியை எடுத்து அம்மாவைப் போலவே தையல் ஓரத்துப் பிசிர்களை வெட்ட ஆரம்பித்தேன். சிவப்பு டி-சர்ட், நெஞ்சில் ஒரு கலைமான். பத்துப் பன்னிரண்டு பீஸ் நன்றாகத்தான் போனது. அதற்கடுத்த பீஸில் கத்தரி நூலோடு துணியையும் கடித்துவிட்டது. மானின் கழுத்துக்குக் கீழே பட்டாணி அளவு ஓட்டை.

சூப்பர்வைசர் அண்ணன் பீஸைத் தூக்கிப் பிடித்து, “யாரு இது?” என்றார்.

“நாந்தானுங்க. கை தவறிப்போச்சு” என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை கவரில் பிடித்தம் போக மீதிதான் இருந்தது. கூடவே அந்தச் சட்டை, லேபிள் வெட்டப்பட்டு. சிவப்பு நூல் கிடைக்காமல் கறுப்பு நூலால் ஓட்டையைத் தைத்தாள். மான் கழுத்தில் கயிறு கட்டியது போல இருந்தது. இரண்டு வருஷம் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

எனக்குக் கிறிஸ்துமஸ் சிவப்பு பிடிக்காது. அந்தச் சட்டை மட்டும் காரணமில்லை. பருத்தியில் அடர்ந்த சிவப்பு பிடிக்க உப்பு நிறைய வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் பல வருஷம் நொய்யலில்தான் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், வேலை போய்விடுமே என்ற பயத்தோடு சேர்த்து, ஆறு என்ற சொல்லும் எங்கள் வீட்டுப் பேச்சில் வந்தது.

பிடித்தவையும் இருக்கின்றன. எங்கள் லைன் வீட்டில் கடைசி வாசலில் நாசரேத்திலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். ஓவர்லாக் டெய்லர். ஒரு வருஷம் டிசம்பரில் கோடை ஆர்டர் நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை, ஊருக்குப் போக முடியவில்லை. ஒருநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் மூங்கில் தப்பையில் நட்சத்திரம் கட்டி, காகிதத்துக்குப் பதிலாக வெள்ளை கட்பீஸை இழுத்து ஒட்டி, உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பு போட்டார். பனியன் துணி வழியாக வரும் வெளிச்சம் காகிதத்தில் வருவது போலப் பளிச்சென்று இருக்காது; பால் மாதிரி இருக்கும். அதைவிட அழகான நட்சத்திரத்தை நான் பெங்களூரில் எந்த மாலிலும் பார்த்ததில்லை.

அவர் வீட்டில் ஒற்றை பர்னர்தான். அதனால் முந்திரிக்கொத்து எங்கள் அடுப்பில் வெந்தது. வறுத்து அரைத்த பாசிப்பயறு, வெல்லப்பாகு, ஏலக்காய். அம்மா உருண்டை பிடிக்க, அக்கா மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டார். ராத்திரி ஒரு மணிக்கு கேரல் ரவுண்ட்ஸ் பிள்ளைகள் கிட்டாரும் டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக வந்தார்கள். லைன் வீடே வாசலில் நின்றது. அக்கா அழுதுகொண்டே பாடினார். பிளம் கேக்கா, முந்திரிக்கொத்தா என்று இன்று யார் கேட்டாலும் என் ஓட்டு முந்திரிக்கொத்துக்குத்தான்.

ஃபார்மில் ‘பிளம் கேக்’ என்று அடித்து அனுப்பினேன். மற்றதை எல்லாம் விளக்க அந்தக் கட்டத்தில் இடமில்லை.

எங்கள் கிளையன்ட் அமெரிக்காக்காரர்கள். டிசம்பர் கடைசியில் கோட் ஃபிரீஸ். யாரும் எதையும் தொடக் கூடாது. அவர்கள் விடுமுறையில் போவதால் எனக்கும் ஓய்வு. அதே பண்டிகை அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்டையும் எனக்கு ஒரு வார விடுப்பையும் கொடுத்திருக்கிறது. ஊருக்குப் போனேன். அக்கா எப்போதோ நாசரேத்துக்கே திரும்பிவிட்டார். அவர் இருந்த அறையில் இப்போது ஜார்க்கண்ட் பிள்ளைகள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம் தொங்கியது.

அம்மா வேலையை விட்டு நான்கு வருஷமாகிறது. ஆனாலும் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: “அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாமே கண்ணு. வர்ற வருசம் கிறிஸ்துமஸ் இருக்குமா?”

2025 ஆகஸ்ட் 27-லிருந்து நடப்புக்கு வந்திருந்த 50 சதவீத வரியைத்தான் சொன்னாள். பக்கத்து யூனிட்டில் இரண்டு லைன் நிற்கிறதாம். எனக்குப் பதில் தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, “அந்த மான் சட்டை இருக்காம்மா?” என்றேன்.

“அதெல்லாம் அப்பவே அடுப்புத் துணியாயிடுச்சு. நான் கை தவறி ஓட்டை போட்டதுதானே அது?”

“இல்லம்மா. நான்தான் வெட்டினேன். நீ எனக்காகச் சொன்னே.”

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “போ கண்ணு. நீ அப்பச் சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.