பழம்!

ஆணி புடுங்கி முடிச்சுட்டு நேத்து ராத்திரி 'நெர்ட்கோர் ரைசிங்' பார்த்தேன். நெகின் ஃபர்சாத் இயக்கி 2008ல வந்த ஆவணப்படம். எம்.சி. ஃப்ரண்டலாட்னு ஒரு ராப்பர், 2006ல முதன்முதலா அமெரிக்கா முழுக்கச் சுத்திப் பாடப்போன கதை.

ராப்னாலே தங்கச்சங்கிலியும் பந்தாவும்தான்னு நினைச்சிருந்தேன். இவரோ தடிக் கண்ணாடி, கழுத்துல டை, நெத்தியில விளக்கு! பாடுறது கம்ப்யூட்டர், கேம்ஸ் பத்தி. விழுந்து விழுந்து சிரிச்சேன்.

ரசிகர்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. 'நெர்ட்'ங்கிறது அங்கே கேலி பண்ற வார்த்தை. அதையே எடுத்து, 2000ல தன் இசைக்கு 'நெர்ட்கோர்'னு பேர் வெச்சவர் இவர். கேலிக்கு ஆளானவங்களுக்கு, அதே பேர்ல கைதட்ட ஒரு இடம் கிடைச்சிருக்கு.

எங்க காலேஜ்ல அந்த வார்த்தை 'பழம்'. லேப்பே கதின்னு கிடந்த ஒருத்தனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவனை ஓட்டுன கும்பல்ல நானும் உண்டு. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம், போர்வைக்குள்ள டார்ச் அடிச்சு நான் படிச்சதும் அவன் படிச்ச அதே புத்தகங்களைத்தான். நாலு வருஷத்துல ஒருநாள்கூட அவன்கிட்ட அதைச் சொன்னதில்லை.

பழைய டைரியில அவன் நம்பர் இருக்கணும். தேடிக்கிட்டிருக்கேன்.