குட்டி லாரிக்கு ஒரு ஃபேன் பெல்ட்

"ஓடாத லாரிக்கு எதுக்குப்பா பெல்ட்?" மாடல் வண்டி செய்கிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இலஞ்சியில் ஒரு வீட்டில் இதற்குக் கிடைத்த பதிலைப் பார்ப்போம்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் இலஞ்சி. அங்கே கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், சாரல் பெய்து வெளியே போக முடியாத நாட்களில், அப்பா ஓட்டிய பழைய லேலண்ட் லாரியை 24-ல் ஒரு பங்கு அளவில் செய்ய ஆரம்பித்தான். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்கு லோடு அடித்த லாரி அது. காயலான் கடைக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டு போட்டோக்கள் மட்டும்.

வேலை முடிந்ததும் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் பெயிண்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேராக எஞ்சின் மூடியைத் தூக்கினார்.

"ஏலே, பெல்ட்டு அந்து போச்சுன்னா வாட்டர் பம்பு நிக்கும், ஃபேன் நிக்கும். புளியரை ஏத்தம் தாண்டுறதுக்குள்ள எஞ்சின் கொதிச்சிரும். அதுக்குப் போயி நூலைச் சுத்தி வச்சிருக்க?"

உண்மைதான். பையன் கறுப்பு நூலைத்தான் சுற்றியிருந்தான். மாடல் செய்கிற பலரும் செய்கிற தவறு இது. நூல் உருண்டையாக இருப்பதால் புல்லியின் பள்ளத்தில் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிஜ பெல்ட் அப்படி உட்காராது. அதற்கு வி-பெல்ட் என்று பெயர். மேலே அகலம், கீழே குறுகல். புல்லியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆப்பு மாதிரி இறுகிப் பிடித்துத்தான் சுற்றும். அடியைத் தொட்டால் வழுக்கிவிடும். பெல்ட்டின் மேல்பக்கம் புல்லியின் விளிம்போடு ஏறக்குறைய சமமாக நிற்கும்.

அடுத்த நாள் பையன் ஒரு மெக்கானிக் ஷாப்புக்குப் போய் நின்று பார்த்தான். பிறகு கணக்குப் போட்டான். 'பி' வகை பெல்ட் 17 மி.மீ. அகலம், 11 மி.மீ. உயரம். இரண்டையும் 24-ஆல் வகுத்தால் அகலம் 0.7 மி.மீ., உயரம் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. எலெக்ட்ரீஷியன் டேப் ஏறக்குறைய 0.13 மி.மீ. தடிமன் இருக்கும். நாலு அடுக்கு ஒட்டினால் உயரம் ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. பெல்ட்டின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள கோணம் 40 டிகிரி. எனவே ஸ்டீல் ஸ்கேல் வைத்து, பிளேடைப் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். டேப்பின் பளபளப்பு போக நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

புல்லிக்கு ஒரு பிளாஸ்டிக் கம்பி. அதை டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு அரத்தால் பள்ளம் எடுத்தான். முக்கோண அரம் இதற்கு உதவாது. அதன் கோணம் 60 டிகிரி, பள்ளம் அகலமாகிவிடும். ஓரம் மெலிந்த கத்தி அரம்தான் சரி. நிஜத்தில் 150 மி.மீ. விட்டமுள்ள புல்லி, மாடலில் 6 மி.மீ.க்குச் சற்று மேல். இந்த வேலைக்குக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். தூள் கண்ணுக்குத்தான் வரும்.

இன்னும் மூன்று விஷயம். கீழே கிராங்க் புல்லி, மேலே ஃபேன் புல்லி, பக்கத்தில் டைனமோ. மூன்றின் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் நிஜ வண்டியில் பெல்ட் ஓரம் தேயும். இரண்டாவது, பெல்ட் தொங்கக் கூடாது. கட்டை விரலால் அமுக்கினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் கணக்கு. மாடலில் அது அரை மி.மீ. தான், அதாவது பார்வைக்கு நேர்கோடு. மூன்றாவது, புல்லி முழுக்க பெயிண்ட் அடிக்கக் கூடாது. பெல்ட் உரசும் உள்சுவர் எப்போதும் இரும்பாய் மின்னும். அங்கே பென்சில் கரியைத் தேய்த்தால் அந்த மினுமினுப்பு வந்துவிடும். ஒட்டிய இடம் கிராங்க் புல்லியின் அடிப்பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டால் இணைப்பு தெரியாது.

இவ்வளவு சின்ன சாமானுக்கு ஒரு வாரம் போயிற்று. மறுபடியும் அப்பாவிடம் கொடுத்தான். அவர் மூடியைத் தூக்கினார். லாரி எடுக்கிற காலையில் செய்கிற மாதிரியே விரலை உள்ளே நீட்டினார். விரல் நுழையவில்லை. சுண்டுவிரல் நகத்தால் பெல்ட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"ம்... இப்பம் மலை ஏறிரும்ல."

அப்புறம் அந்த லாரியில் போன ஊர்களைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பையன் அதுவரை கேட்டிராத கதைகள் அவை.

மாடல் வண்டி செய்யும் ஆசை இருந்தால், முதலில் பக்கத்து மெக்கானிக் ஷாப்பில் பத்து நிமிஷம் நின்று ஒரு நிஜ எஞ்சினைப் பாருங்கள். வீட்டில் பழைய டிரைவர் யாராவது இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.