ஒரு பெட்டி, பத்து பேர், ஒரு கொலை

நம்ம கேளம்பாக்கத்துக்கு ரயில் கிடையாது. வண்டலூர் ரோடு வழியா பஸ்ஸில் போய், அங்கே லோக்கல் ட்ரெயினைப் பிடிக்கணும். அதனாலேயோ என்னவோ, எனக்கு ரயில் மேல ஒரு தனி கிறக்கம். ஹாஸ்டல்ல எல்லாரும் வெப் சீரிஸ் பார்க்கிற நேரத்தில் நான் தேடித் தேடிப் பார்ப்பது ஒரே வகைப் படம்தான்: ரயிலுக்குள்ளேயே நடக்கிற க்ரைம் படம். அதிலும் கையில் காசு இல்லாம எடுத்த படம்னா இன்னும் இஷ்டம்.

"ரயில் படம்னா தொடரிதானே?"ன்னு கேட்பீங்க. 2016-ல் பிரபு சாலமன் எடுத்த அந்தப் படம் ரயிலோட வேகத்தைப் பற்றியது. நான் சொல்ற படங்கள் பெட்டியைப் பற்றியவை. அந்த வகை நல்லா வளர்ந்த இடம் பிரிட்டன். அது வளர்ந்த கதையே சுவாரஸ்யமானது.

1927-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அமெரிக்கப் படங்கள் தியேட்டர்களை மொத்தமா வளைச்சுப் போட்டிருந்த காலம். இத்தனை சதவீதம் பிரிட்டிஷ் படங்களையும் வாங்கணும், ஓட்டணும்னு அரசு சொல்லிருச்சு. அமெரிக்க கம்பெனிகள் என்ன செஞ்சாங்க? நாம அட்டெண்டன்ஸுக்காக மட்டும் கிளாஸுக்குப் போவோமே, அதே டெக்னிக். கணக்குக் காட்டறதுக்கு மலிவா படம் எடுத்துக் கொடுங்கன்னு உள்ளூர் ஸ்டுடியோக்கள்கிட்ட சொல்லிட்டாங்க. இந்தப் படங்களுக்குப் பேரே 'குவோட்டா குயிக்கி'. ரேட்டு, அடிக்கு ஒரு பவுண்டுன்னு பேச்சு. 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அப்போ ஒரு மணி நேரப் படத்துக்கு 5,400 பவுண்டு. நடிகர் சம்பளம், செட், லைட் எல்லாமே அதுக்குள்ள.

இந்தக் காசில் மாளிகை செட் போட முடியாது. ரயில் பெட்டி போடலாம். எதிரெதிரா ரெண்டு சீட், ஒரு ஜன்னல், ஒரு கதவு. ஜன்னலுக்கு வெளியே ஒரு திரை வெச்சு, ஓடுற மரங்களை அதில் ப்ரொஜெக்ட் பண்ணினா ரயில் கிளம்பிடும். அதோட திரைக்கதைக்கு மூணு விஷயம் இலவசமா கிடைக்கும். யாரும் நடுவில் இறங்க முடியாது. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தான் டைம். உள்ளே இருக்கிறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோ 1936-ல் எடுத்த 'தி லாஸ்ட் ஜர்னி' பாருங்க. இயக்கம் பெர்னார்ட் வோர்ஹவுஸ். அன்னிக்கோட ரிட்டயர் ஆகப் போற ஒரு இன்ஜின் டிரைவர். தன் மனைவிக்கும் கூடவே வேலை பார்க்கிற ஃபயர்மேனுக்கும் தொடர்புன்னு அவருக்குச் சந்தேகம். ரயிலை நிறுத்தாம விரட்டுறார். பின்னாடி பெட்டிகளில் ஆளுக்கொரு ரகசியத்தோட பயணிகள். அவ்வளவுதான் கதை. ஆனா நடுவில் எழுந்து போக மாட்டீங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1938-ல் ஹிட்ச்காக்கின் 'தி லேடி வேனிஷஸ்'. இது குயிக்கி இல்லை, கொஞ்சம் வசதியான படம். ஆனா அதுவும் 90 அடி நீள செட்டில், ஒரே ஒரு பெட்டியை வெச்சு எடுத்ததுதான். மீதியெல்லாம் திரையில் ஓடுற காட்சியும் பொம்மை ரயிலும்.

நம்ம ஊர்லயும் இது உண்டு. 1967-ல் மலையாளத்தில் 'கொச்சின் எக்ஸ்பிரஸ்'னு ஒரு படம், எம். கிருஷ்ணன் நாயர் இயக்கினது. ரயிலில் கொலை, துப்பு துலக்க ஒரு அதிகாரி. அந்தக் கதை அடுத்த வருஷமே தமிழ்நாட்டுக்கு வந்து 'நீலகிரி எக்ஸ்பிரஸ்'ல ஏறிக்கிச்சு. இயக்கம் திருமலை-மகாலிங்கம், எழுதினது சோ. ஹீரோ யாருன்னு சொல்லணுமா? தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஜெய்சங்கர்தான். அவரை வெச்சு எடுத்தா தயாரிப்பாளர் கையைக் கடிக்காதுன்னு பேர். 1970-ல் அதே கதை இந்திக்குப் போய், ராஜேஷ் கன்னா நடிச்ச 'தி ட்ரெயின்' ஆச்சு. ஸ்டேஷன் மாறிச்சு, பாஷை மாறிச்சு, பெட்டி மாறவே இல்லை.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, இந்தப் படங்களில் என்னைப் பிடிச்சு வெச்சது சஸ்பென்ஸ் மட்டும் கிடையாது. 'தி லேடி வேனிஷஸ்'ல ஒரு வயசான அம்மா ஓடுற ரயிலில் காணாமப் போறாங்க. அவங்களைப் பார்த்தவங்க பல பேர். கேட்டா, "அப்படி யாரையும் பார்க்கலையே"ங்கறாங்க. எல்லாரும் வில்லனா? இல்லை. ஒரு வக்கீல் தன் கள்ளத்தொடர்பு வெளியே தெரிஞ்சிடும்னு பயப்படறார். ரெண்டு பேருக்கு ரயில் லேட்டானா கிரிக்கெட் டெஸ்ட் மேட்ச் போயிடுமேன்னு கவலை. நீங்களும் நானும் வெச்சிருக்கிற மாதிரி சின்னச் சின்னக் காரணங்கள். அதெல்லாம் சேர்ந்தா ஒரு மனுஷி காணாமப் போயிடறாங்க.

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போக வண்டலூரில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினேன். உள்ளே ஏற்கனவே சண்டை. ஒருத்தரோட போனைக் காணோம். கதவுகிட்ட ஒரு வடநாட்டுப் பையன், கட்டட வேலைக்குப் போறவன் போல, கையில் சிமெண்ட் கறை. ரெண்டு பேர் அவன் சட்டைக் காலரைப் பிடிச்சாச்சு. அவன் இந்தியில் என்னவோ சொல்றான், யார் காதிலும் ஏறலை. சுத்தி இருந்தவங்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துட்டு இருந்தாங்க. அப்போ கொய்யாப்பழக் கூடையோட கீழே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தாங்க. "ஏம்ப்பா, தாம்பரத்துலேர்ந்து அந்தப் புள்ள இந்த இடத்தை விட்டு நகரல. நான் பார்த்துட்டுதான இருக்கேன். விடுங்கடா அவனை"ன்னு ஒரே சத்தம். அதுக்கப்புறம்தான் "ஆமாங்க, நானும் பார்த்தேன்"னு மூணு குரல் வந்தது. கூடுவாஞ்சேரி வர்றதுக்குள்ள போன், சொந்தக்காரரோட லஞ்ச் பைக்குள்ளேயே கிடைச்சிடுச்சு.

அந்த மூணு பேரும் கெட்டவங்க இல்லை. முதல் குரலுக்காகக் காத்திருந்தவங்க. ஹிட்ச்காக் ரயிலில் அந்தப் பழக்கார அம்மா இருந்திருந்தா படம் பத்து நிமிஷத்தில் முடிஞ்சிருக்கும்.

இப்போ உங்க விஷயத்துக்கு வரேன். ஷார்ட் ஃபிலிம் பேச்சு வந்தாலே "பட்ஜெட் இல்லை மச்சி, நல்ல கேமரா இல்லை"ன்னு முடிச்சிடறோம். ரயில்வே பெர்மிஷன் எல்லாம் நமக்குக் கிடைக்காது, சரி. ஆனா ஹாஸ்டல் டபுள் டெக்கர் கட்டிலைப் பாருங்க, அச்சு அசல் ஸ்லீப்பர் பெர்த். ஜன்னலுக்கு ப்ராஜெக்டர் போதும், டிபார்ட்மெண்ட்ல சும்மாதான் கிடக்கு. ரயில் சத்தத்தை வண்டலூர் பிளாட்பாரத்தில் நின்னு போன்லயே பதிவு பண்ணிக்கலாம். நடிக்க பத்து பேர் உங்க விங்லயே இருக்காங்க.

எழுத உட்காரும்போது கொலையாளி யாருன்னு முதல்ல யோசிக்காதீங்க. பத்து பேரில் யார் யார் பார்த்தாங்க, ஒவ்வொருத்தரும் எதுக்காக வாயைத் திறக்கலைன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பத்துக் காரணம் கிடைச்சா உங்க படம் ரெடி. அந்தப் பத்தில் உங்க காரணமும் ஒண்ணு இருக்கும். அதை மட்டும் அடிச்சுடாதீங்க.