பொன்கோட்டின் பூர்வீகம்

புல்லட் டேங்க்கில் பழைய பெயிண்டை எடுக்க இரண்டு வழி உண்டு. ரிமூவர் தடவிச் சுரண்டினால் சீக்கிரமே வெறும் தகடு கைக்கு வந்துவிடும். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தோள்பட்டை விட்டுப்போகும். ஆனால் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கும்போது ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாகத் தெரிய ஆரம்பிக்கும். எதற்குப் பிறகு எதை அடித்தார்கள் என்று அந்த வளையங்களில் படித்துவிடலாம். அதற்காகவே நான் இரண்டாவது வழிக்காரன்.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறைதான் என் பட்டறை. ஒரு சின்ன கம்ப்ரஸர், இரண்டு ஸ்ப்ரே கன், தூசி அடங்கத் தரையில் தெளிக்க ஒரு வாளித் தண்ணீர். தெரிந்தவர்களின் பழைய வண்டிகளுக்கு டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் அடித்துக் கொடுப்பேன். தொழில் இல்லை. தொழில் என்று சொன்னால் வீட்டில் கணக்குக் கேட்பார்கள்.

நண்பரின் சித்தப்பா ஓட்டிய எழுபதுகளின் புல்லட் ஒன்று அப்படித்தான் வந்தது. மேலே யாரோ அடித்த மெட்டாலிக் சிவப்பு. அதற்குக் கீழே விரல் கனத்துக்குப் பட்டி. அதற்கும் கீழே ஒரு கறுப்பு, பிறகு இன்னொரு கறுப்பு. அந்த அடிக் கறுப்பின் மேல், முழங்கால் ரப்பரைச் சுற்றி, பச்சை கலந்த பழுப்பில் ஒரு கோடு ஓடியது. ஒரு காலத்தில் அது தங்க நிறமாகத்தான் இருந்திருக்கும். தங்கப் பொடி என்று கடையில் விற்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். வார்னிஷில் குழைத்துப் போட்டால் முதலில் பளபளக்கும், காற்றும் ஈரமும் பட்டால் கோயில் விளக்கின் அடிப்பகுதிபோலக் களிம்பேறிவிடும்.

நகத்தால் வருடிப் பார்த்தேன். டேப் ஒட்டி அடித்த கோடு என்றால் இரண்டு ஓரமும் சின்ன வரப்பாக நகத்தில் தட்டும். இந்தக் கோட்டில் ஓரம் தட்டவில்லை, நடுவில்தான் லேசாக மேடிட்டிருந்தது. பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு நூலளவு தடித்திருந்தது.

யார் போட்டார்கள் என்பதற்கு ஒரு பதில் ஊரறிந்தது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் டேங்க்குகளுக்குக் கையால் கோடு போடும் வேலையை ஒரே குடும்பத்தார் தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். அந்த டேங்க்குகளுக்கு உலகமெங்கும் ரசிகர்கள். என்னைக் குடைந்தது வேறு கேள்வி. கோடு ஏன் அங்கே இருக்கிறது? டேங்க்கின் உச்சியில் நேராக ஒன்று இழுத்திருக்கலாம், அடியில் ஓரமாக ஓட்டியிருக்கலாம். எதற்காக முழங்கால் ரப்பரைச் சுற்றி, கண்ணீர்த் துளி வடிவில் வளைந்து போகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் நான் கன்னைத் தொடுவதில்லை. தின்னர் சட்டென்று ஆவியாகிற குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சின் மேலேயே படிந்து கறுப்பு வெளுத்துவிடும். சென்னையின் அடைமழையில் எந்தத் தின்னரும் இதற்குப் பூரண மருந்தில்லை. ஆகவே அந்த மழைக்காலம் முழுவதும் கேட்பதிலும் படிப்பதிலும் போயிற்று.

முதலில் போனது டூக்கோ பெயிண்ட் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம். புதுப்பேட்டையில் கார், லாரி, புல்லட் என்று எல்லாவற்றுக்கும் லைனிங் போட்டவர். டேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கை தம்பி. முடி நீளமான பிரஷ்" என்றார்.

"அது எப்படிங்கய்யா தெரியுது?"

"குட்டை முடியில போட்டா கை நடுக்கமெல்லாம் கோட்டுல வந்துரும். நீள முடி பெயிண்டக் குடிச்சிட்டு, கனமா, பின்னாடியே இழுபட்டு வரும். கை ஆடினாலும் முடி ஆடாது. கண்ணு பிரஷ்ஷப் பாக்கக் கூடாது. போற இடத்தப் பாக்கணும்."

அந்தக் காலத்தில் கீரி முடி பிரஷ்தான் பிடித்தாராம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வியாபாரம் இப்போது குற்றம். சட்டம் சரிதான் என்றே நினைக்கிறேன், நைலான் முடிக்குப் பெயிண்டைப் பிடித்துவைக்கும் குணம் குறைவு என்றாலும். ஏன் அந்த வளைவு என்ற கேள்விக்கு மட்டும் அவர் தோளைக் குலுக்கினார். "கம்பெனியில இருந்து அப்படித்தான் வரும். அதையே நாங்களும் போடுவோம்."

கம்பெனிக்கு அது எங்கிருந்து வந்தது? இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகளைக் கேட்டு வாங்கியதன் தொடர்ச்சியாக, 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1967ல் இங்கிலாந்தில் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1977ல், திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

ரெட்டிச் ஊசிக்குப் பேர்போன ஊர். உலகத்தின் தையல் ஊசிகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அங்கிருந்துதான் போயிற்று. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஜார்ஜ் டவுன்சென்ட் நிறுவனம் சைக்கிளுக்கு மாறி நொடித்தபோது, 1891ல் ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் அதை எடுத்து நடத்தினார்கள். என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்த பெருமையில் பெயரும் வந்தது, பீரங்கிச் சின்னமும் வந்தது. மோட்டார் சைக்கிள் 1901ல்தான். அதற்கு முன் அவர்கள் சைக்கிள்காரர்கள்.

அந்தக் கால இங்கிலாந்து சைக்கிள்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், கறுப்புக் குழாய்களின் மேல் இழை இழையாகப் பொன்கோடு. கறுப்பே ஒரு பழைய கைத்தொழில். நிலக்கீலையும் ஆளி விதை எண்ணெயையும் காய்ச்சிப் பூசி அடுப்பில் வேகவைப்பார்கள். பாட்டி வீட்டுத் தையல் மெஷினின் மினுக்குக் கறுப்பும் அந்த வம்சம்தான். ஜப்பானிய அரக்குப் பூச்சைப் பார்த்து ஐரோப்பியர்கள் செய்துகொண்ட நகல் அது.

சைக்கிளுக்குக் கோடு கொடுத்தவன் குதிரை வண்டிக்காரன். லண்டனில் கோச்சு வண்டி செய்பவர்களின் சங்கத்துக்கு 1677லேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. கோச்சு வண்டி என்பது மரச் சட்டத்தில் மெல்லிய மரப் பலகைகளைப் பொருத்துவது. பலகை முடிகிற இடத்தில் இணைப்புத் தெரியும். அதை மறைக்க ஒரு மெல்லிய சட்டம் அடிப்பார்கள். பலகைக்கு ஒரு நிறம், சட்டத்துக்குக் கறுப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு. பூச்சு மேல் பூச்சாக அடித்து, காயவைத்து, தேய்த்து, வாரக்கணக்கில் நடந்த வேலையில் கடைசியாக வருகிறவர் கோடு போடுகிறவர். குட்வுட்டில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்குப் பக்கவாட்டில் இன்றைக்கும் கையால்தான் அந்தக் கோடு இழுக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்த பிறகும் அது எனக்குக் கைக்கு வராத செய்தியாகவே இருந்தது. தை பிறந்து, வேறொருவர் பாதி குரோம், பாதி பெயிண்ட் உள்ள டேங்க் ஒன்றைக் கொண்டுவந்தபோதுதான் புரிந்தது. குரோமின் மேல் பெயிண்ட் ஒட்டாது. ஓரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எட்ச் பிரைமர் கொடுத்து, டேப் ஒட்டி அடித்தேன். டேப்பை உரித்ததும் அந்த எல்லை ரம்பப் பல்லாக நின்றது. எவ்வளவு நிதானமாக உரித்தாலும் குரோம் ஓரத்தில் அப்படித்தான் வரும். அதன் மேல் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொன்கோடு இழுத்தவுடன் பல் எல்லாம் மறைந்து, அந்த வேலையே வேறு ஆளுடையதுபோல ஆயிற்று. சொல்லப்போனால் டேங்க்கில் இருக்கும் ஒரே நேர்மையில்லாத இடம் அந்தக் கோடுதான்.

1920களின் இறுதியில் குரோம் முலாம் பரவி, பிரிட்டிஷ் வண்டிகளின் டேங்க் பக்கங்கள் பளபளக்கத் தொடங்கியபோது கோட்டுக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. நான் தேய்த்த டேங்க்கில் குரோம் கிடையாது, முழுக் கறுப்பு. ஆனாலும் குரோம் இருந்திருந்தால் எந்த வளைவில் முடிந்திருக்குமோ, அதே வளைவில்தான் கோடு போகிறது. மறைக்க எதுவும் இல்லாமல் போன பிறகும் தன் பழைய பாதையை விடவில்லை.

அமெரிக்காவில் கோடு வேறு குணம் எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் வான் டச் என்று அறியப்பட்ட கென்னத் ஹோவர்டு (1929–1992), 1940களில் மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் வேலை செய்தவர். அப்பா பெயர்ப்பலகை எழுதுபவர், எனவே நீள முடி பிரஷ் வீட்டிலேயே இருந்தது. அவர் கையில் கோடு எல்லையை விட்டு எழுந்து, பின்னிப் பிணைந்து, தனிச் சித்திரமானது. இன்று வீட்டுப் பட்டறையில் டேங்க்குக்கு விருப்பம்போல் வண்ணம் தீட்டுகிற எங்களுக்கெல்லாம் அவர் ஒருவகையில் மூத்தவர். எனக்கு என்னவோ அந்தப் பின்னல் வேலைகளில் மனம் ஒட்டவில்லை. புல்லட்டுக்கு ஒற்றைக் கோடு போதும்.

கோலம் போடுகிற ஊர் என்பதால்தான் மெட்ராஸ்காரர்களுக்கு இந்தக் கை வாய்த்தது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். கேட்க இனிக்கிறது, நான் நம்பவில்லை. கோலத்தில் மாவு விரலிடுக்கிலிருந்து தரையில் உதிர்கிறது, விரல் தரையைத் தொடுவதில்லை. லைனிங்கில் ஈர முடி தகட்டில் படுத்துக்கொண்டு இழுபடுகிறது. இரண்டும் வேறு வேறு வித்தை.

என் சந்தேகம் மவுண்ட் ரோட்டின் பக்கம் போகிறது. அங்கே இருக்கும் சிம்சன் கம்பெனி 1840ல் தொடங்கியது, ஆரம்ப காலத்தில் குதிரை வண்டி கட்டியது. 1903ல் மெட்ராஸ் தெருவில் நீராவிக் கார் ஓட்டிக் காட்டியதும் அவர்கள்தான். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய 1856ல் பெரம்பூரில் ரயில் பெட்டிப் பட்டறை வந்துவிட்டது. கோச்சுக்கும் ரயில் பெட்டிக்கும் பலகை ஓரத்தில் கோடு இல்லாமல் வேலை முடியாது. அதைப் போட்டவர்கள் இந்த ஊர்க் கைவினைஞர்களாகத்தானே இருந்திருக்க வேண்டும்? புல்லட் வந்து இறங்கியபோது சிம்சனுக்கு 115 வயது. டேங்க்கின் வளைவு ரெட்டிச்சிலிருந்து கப்பலில் வந்திருக்கலாம். பிரஷ் பிடிக்கிற கையைக் கப்பலேற்றி வரவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

இதையெல்லாம் புதுப்பேட்டைப் பெரியவரிடம் ஒரு சாயங்காலம் விலாவாரியாகச் சொன்னேன். டீ ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இத்தினி வருஷமா குதிர வண்டிக்காரன் வேலையத்தான் பாத்திருக்கேன்னு சொல்றே."

"ஆமாங்கய்யா."

"அந்தக் காலத்துல ஒரு வண்டிக்கு லைனிங் போட என்னா குடுத்தாங்களாம்? அதப் போட்டிருக்கானா உன் புஸ்தகத்துல?"